தார் ஜீப்புக்கு எத்தனை பவுண்டு வின்ச், எந்தக் கயிறு?

கேட்டிருப்பவரிடம் டீசல் தார் இருக்கிறது. மலையில் தோட்டம். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை, மழைக்காலத்தில் வண்டி மாட்டிக்கொள்கிறது. வண்டியின் முன்னால் பொருத்தி, மரத்தில் கட்டிய கயிற்றைச் சுருட்டி வண்டியை வெளியே இழுக்கும் மோட்டார் கருவிதான் வின்ச். 9,500 பவுண்டு வின்ச் போதுமா, 12,000 வேண்டுமா, கம்பி ரோப்பா, சிந்தெடிக் கயிறா, பழைய வின்ச் வாங்கலாமா என்று கேட்கிறார்.

என் நிலைமையும் கிட்டத்தட்ட இதேதான். தாண்டிக்குடிப் பக்கம் சின்னக் காப்பித் தோட்டம், ஒரு பழைய தார். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பாதையில் ஓர் ஓடையைக் கடந்து, உடனே செங்குத்தாக ஒரு ஏற்றம் ஏற வேண்டும். எட்டு வருடமாக அங்கே வின்ச் பயன்படுத்துகிறேன். 9,500 பவுண்டு வாங்குங்கள். சிந்தெடிக் கயிறு போடுங்கள். 12,000-க்குக் கொடுக்க நினைக்கும் கூடுதல் பணத்தில் ஒரு நல்ல கப்பி, மரத்தைச் சுற்றும் அகலமான பெல்ட், இரண்டு ஷேக்கில் (பெல்ட்டையும் கயிற்றையும் இணைக்கும் இரும்புக் கொளுவி), பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் வாங்குங்கள். இதில் எதையும் விடாதீர்கள்.

எல்லாரும் சொல்லும் கணக்கு, வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு. தார் வெறும் வண்டியாகவே 1,700 கிலோவுக்கு மேல். ஆள், டீசல், இரண்டு மூட்டை உரம் எல்லாம் சேர்த்து 2,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மடங்கு 3,300 கிலோ, பவுண்டில் சுமார் 7,300. வண்டி மீட்பவர்கள் வேறொரு விதமாகவும் கணக்குப் போடுவார்கள். சக்கரம் அச்சுவரை சேற்றில் புதைந்திருந்தால், அதை அசைக்க வண்டியின் எடை அளவுக்கே இழுவை வேண்டும், அதாவது 2,200 கிலோ. அதோடு 30 டிகிரி ஏற்றமும் இருந்தால் எடையில் பாதி கூடும், 1,100 கிலோ. மொத்தம் அதே 3,300. எங்கள் ஓடைக்கரை ஏறக்குறைய இந்த நிலைமைதான். ஆனால் சேறு பானெட்டைத் தொடும் அளவுக்குப் போனால் எடையைப் போல மூன்று மடங்கு இழுவைகூட வேண்டியிருக்கும். அப்போது 12,000 பவுண்டு வின்ச்சும் தனியாகப் போதாது. மண்வெட்டி எடுத்துச் சக்கரத்தின் முன்னால் வெட்டித்தான் ஆக வேண்டும்.

7,300 போதும் என்றால் 9,500 எதற்கு? பெட்டியில் போட்டிருக்கும் எண், டிரம்மில் முதல் அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது கிடைக்கும் இழுவை. கயிறு அடுக்கடுக்காகச் சுற்றும்போது டிரம் பருத்துக்கொண்டே போகும், இழுவை குறைந்துகொண்டே வரும். நான்காம், ஐந்தாம் அடுக்கில் சொன்ன அளவில் சுமார் 60 சதவீதம்தான் மிஞ்சும். 9,500 பவுண்டு என்பது 4,309 கிலோ. மேல் அடுக்கில் அது 2,600 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். எங்கள் ஓடைக்கரைக்கு அது போதாது. வழக்கமாக 28 மீட்டர் கயிறு வரும், முதல் அடுக்கில் இருப்பது ஐந்து மீட்டர் சொச்சம்தான். ஆகவே ஐந்து மீட்டர் தூரத்தில் இருக்கிற மரத்தில் கட்டி இழுத்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இழுவையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கிறது. இது தெரியாமல் வின்ச் சரியில்லை என்று குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் கப்பி உதவும். வண்டியிலிருந்து கயிறு மரத்துக்குப் போய், அங்கே கப்பியில் திரும்பி, மறுபடி வண்டியின் முன்பக்கக் கொக்கிக்கே வருகிறது. கிணற்றுக் கப்பி கயிற்றின் திசையை மட்டும் மாற்றும். இங்கே ஒரே வண்டியை இரண்டு கயிறு இழுக்கிறது. இழுவை ஏறத்தாழ இரண்டு மடங்கு, வேகம் பாதி, அதே பாரத்துக்கு மோட்டார் குடிக்கும் கரண்டும் வெகுவாகக் குறையும். கயிறும் கூடுதலாக வெளியே வந்துவிடுவதால் டிரம்மில் கீழ் அடுக்கு கிடைக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கப்பி போட்டால் மரத்தின் மேலும் பெல்ட்டின் மேலும் விழும் பாரம் இரட்டிப்பு. பெல்ட், ஷேக்கில் இரண்டின் மேலும் எத்தனை டன் என்று அச்சடித்திருக்க வேண்டும். எதுவும் எழுதாத பொருளை வண்டி மீட்க வாங்காதீர்கள்.

அடுத்து மின்சாரம். என்னை அதிகம் கஷ்டப்படுத்தியது இதுதான். 12 வோல்ட்டில் ஓடும் 9,500 பவுண்டு வின்ச் முழுப் பாரத்தில் 400 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். வண்டியின் ஆல்டர்னேட்டர் தருவது 100 ஆம்பியருக்கு முன்னே பின்னே. மீதி முழுக்க பேட்டரியிலிருந்து போகிறது. அதனால் எஞ்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, ஒரு நிமிடம் இழுத்துவிட்டுச் சில நிமிடம் ஓய்வு கொடுங்கள். மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடென்றால் அதுவாக ஆறும்வரை காத்திருங்கள். அவசரம் மழையில் எல்லாருக்கும் வரும். ஆனால் பேட்டரியும் போய் வண்டியும் சேற்றில் நின்றால் இரவு அங்கேதான். வயது போன பேட்டரி என்றால் வின்ச்சுக்கு முன்னால் அதை மாற்றிவிடுங்கள். மோட்டார் வாங்கும்போது சீரிஸ் வைண்டிங் மோட்டாரா என்று கேளுங்கள். நிரந்தரக் காந்த மோட்டார் கரண்டு குறைவாகக் குடிக்கும், ஆனால் சீக்கிரம் சூடாகிவிடும். தோட்ட வேலைக்கு முதலாவதுதான் தாங்கும்.

துண்டிக்கும் சுவிட்ச் பற்றிச் சொன்னேனே, அதன் காரணம் இது. என் முதல் வின்ச்சில் அந்த சுவிட்ச் இல்லை. மூன்றாம் மழைக்காலம். ஓடையைத் தாண்டி வண்டி மேலே வந்துவிட்டது, நான் ரிமோட் பொத்தானை விட்டேன், வின்ச் நிற்கவில்லை. கன்ட்ரோல் பெட்டிக்குள் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 400 ஆம்பியர் போகிற இடத்தில் இப்படி உருகி ஒட்டுவது நடக்கக்கூடியதுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. கயிறு இழுத்துக்கொண்டே போகிறது, வண்டி மரத்தை நோக்கி நகர்கிறது, பிரேக் மிதித்தும் ஈரத்தில் சறுக்குகிறது. தம்பி பானெட்டைத் திறந்து ஸ்பேனரால் பேட்டரி முனையைக் கழற்றி எறிந்தான். வண்டிக்கும் மரத்துக்கும் நடுவே அப்போது ஓர் அடி கூட இல்லை. பெல்ட்டை அவிழ்ப்பதற்காக எங்கள் வேலையாள் ஒருவர் அந்த மரத்தடியில்தான் நின்றிருந்தார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது கையால் திருப்பும் ஒரு தடித்த சுவிட்ச், டிரைவர் சீட்டிலிருந்தே எட்டும்படி போட்டிருக்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் வின்ச்சுக்குக் கரண்டே போகாது என்பது கூடுதல் நன்மை.

கயிறுக்கு வருவோம். கம்பி ரோப் மண், கல், வெயில் எல்லாம் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் ஒரு தடவை மடங்கி முறுக்கிக்கொண்டால் அந்த இடம் பலவீனம்தான். அறுந்த இழைகள் ஊசி போலக் கையில் ஏறும். கனமும் அதிகம், வண்டியின் மூக்கிலேயே அந்தக் கனம் உட்காருகிறது. பாரத்தில் அறுந்தால் சாட்டை போலத் திரும்பி வரும், எதிரில் யார் இருந்தாலும் பிழைப்பது கஷ்டம். சிந்தெடிக் கயிறு கம்பியின் எடையில் சிறு பங்குதான், வெறும் கையால் இழுத்துக்கொண்டு மேடு ஏறிப் போகலாம். அறுந்தாலும் அந்த அளவு வேகத்தோடு திரும்பி அடிக்காது. எந்தக் கயிறானாலும் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள், இறுகிய கயிற்றைத் தாண்டி யாரையும் நடக்க விடாதீர்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். முதலில் அவர்களைக் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் நிறுத்துங்கள், பிறகு பொத்தானைத் தொடுங்கள்.

சிந்தெடிக் கயிற்றுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உரசல். கல் விளிம்பில் தேய்ந்தால் போச்சு. முன்னால் கயிறு வெளியே வரும் இடத்தில் உருளை வழிக்குப் பதிலாக வழவழப்பான அலுமினிய வழி போட வேண்டும். கம்பி ரோப் ஓடி வரிவரியாகக் கீறல் விழுந்த உருளையில் இதை ஓட்டவே கூடாது. இன்னொன்று சூடு. இந்த இழை 150 டிகிரி செல்சியஸை நெருங்கினால் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே வலு குறையத் தொடங்கும். இன்று விற்கும் பெரும்பாலான வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. சரிவில் வண்டியைக் கயிற்றில் கட்டி மோட்டாரால் மெல்ல மெல்ல இறக்கினால் அந்த பிரேக் சூடாகி, டிரம்மோடு ஒட்டியிருக்கும் சுற்றுகள் கருகிப்போகும். அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் 1974-இல் கொண்டுவந்த 8,000 பவுண்டு வின்ச் ஒன்று உண்டு, 8274 என்று பெயர். அதில் பிரேக் டிரம்முக்கு வெளியே இருக்கும், கயிற்றைச் சுடாது. ஆனால் உயரமாக நிமிர்ந்து நிற்கும் அமைப்பு, நம் வண்டிகளின் முன்பக்கத்தில் மறைவாக வைக்க முடியாது. ஆகவே சாதாரண வின்ச்சை இழுக்க மட்டும் பயன்படுத்துங்கள், நெடுந்தூரம் இறக்கப் பயன்படுத்தாதீர்கள். எவ்வளவு கயிறு வெளியே போனாலும் டிரம்மில் கம்பி என்றால் ஐந்து சுற்று, சிந்தெடிக் என்றால் எட்டுப் பத்துச் சுற்று மிச்சம் இருக்கட்டும். கயிற்றைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சுற்றுகள்தான், நுனியில் இருக்கும் சின்ன போல்ட் அல்ல.

எந்த மரத்தில் கட்டுவது என்பதைப் பற்றி விற்பவர் யாரும் சொல்ல மாட்டார். காப்பித் தோட்டத்தில் கண்ணுக்குப் படுவதெல்லாம் சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும்தான். கல்யாண முருங்கை வெறும் மெத்து, பாரம் தாங்காது. சில்வர் ஓக் சடக்கென முறியும் ஜாதி, இளமரத்தை நம்பவே வேண்டாம். பலா, நாவல் இருந்தால் அதைத் தேடிப் போங்கள், தரையோடு ஒட்டினாற்போல அடியில் பெல்ட்டைச் சுற்றுங்கள். கயிற்றையே மரத்தில் சுற்றிக் கட்டாதீர்கள், பட்டை உரிந்துவிடும், கயிறும் கெடும். மிளகுக் கொடி ஏறிய மரத்தை விட்டுவிடுங்கள், ஒரு இழுப்பில் பல வருடக் கொடி போய்விடும். நான் ஓடைக்கரையில் ஒரு பலாவையும், 20 மீட்டர் மேலே ஒரு நாவலையும் இதற்கென்றே ஒதுக்கி, அந்த வழியில் புதர் வளராமல் பார்த்துக்கொள்கிறேன். பாதை உங்களுடையதென்றால் வின்ச் வாங்குவதற்கு முன் ஒரு நாள் நடந்து போய் உங்கள் மரங்களைக் குறித்து வையுங்கள். மரமே இல்லாத இடத்தில் ஸ்டெப்னியை ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து அதில் கட்டலாம். வேலை அதிகம்தான், ஆனால் நன்றாகப் பிடிக்கும்.

இன்னொன்று. மாட்டிக்கொண்ட வண்டிக்குச் சுலபமான வழி பல நேரம் வந்த வழிதான், அதாவது பின்பக்கம். வின்ச்சோ முன்னால் இருக்கிறது. அதனால் நெம்புகோலை ஆட்டிக் கம்பி ரோப்பை இழுக்கும், கையால் இயக்கும் டிர்ஃபர் ஒன்றையும் வண்டியில் வைத்திருக்கிறேன். 1.6 டன் இழுக்கும் மாடல், கருவி மட்டும் 20 கிலோவுக்குப் பக்கம் இருக்கும். பேட்டரி வேண்டாம், முன்னும் பின்னும் எந்தப் பக்கமும் இழுக்கும், பாரத்தோடு மெல்ல இறக்கவும் செய்யும். வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் மாட்டுகிறது என்றால் உண்மையில் உங்களுக்கு இதுவே போதும், வின்ச்சே வேண்டாம். அரை மணி நேரம் நெம்புகோலை ஆட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பொருத்துவதில் ஒரு எச்சரிக்கை. வின்ச் தட்டு நேராகச் சேஸில் உயர்வலு போல்ட்டால் மாட்டப்பட வேண்டும், பம்பர் தகட்டில் அல்ல. முன்னால் பெரிய குழாய் வளைத்த புல் பாரோடு சேர்த்து மாட்டித் தருவதாகச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஏர்பேக் உள்ள வண்டியில் அது மோதலின் தன்மையையே மாற்றிவிடும். மலையில் எதிரே நடந்து வருபவர்களையும் நினைத்துப் பாருங்கள். பம்பருக்குப் பின்னால் மறைவாக உட்காரும் தட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசிக் கேள்வி, பழைய வின்ச். வாங்கலாம், ஆனால் வண்டியில் மாட்டியிருக்கும் நிலையிலேயே பாருங்கள். வின்ச்சின் கிளட்ச்சைத் தளர்த்தி முழுக் கயிற்றையும் கையால் வெளியே இழுங்கள், டிரம் தடையில்லாமல் சுழல வேண்டும். பிறகு ஒரு சரிவில் வண்டியை நியூட்ரலில் விட்டு, வின்ச்சாலேயே மேலே இழுத்து, நடுவில் பொத்தானை விட்டுப் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். பக்கத்தில் சக்கரத்துக்குக் கல் வைக்க ஒருவர் தயாராக நிற்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவினால் பிரேக் தேய்ந்திருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து பச்சைக் களிம்பு பிடித்த முனைகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெட்டியை மாற்றும் செலவைக் கழித்து விலை பேசலாம். கயிறு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள். அது இதற்கு முன் எதை இழுத்தது, எந்தக் கல்லில் தேய்ந்தது என்று விற்பவருக்கே தெரியாது.