கழுத்து எவ்வளவு திரும்பும்? ஆஸ்டியோபதி குறித்த கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் இயன்முறை சிகிச்சையோடு, தசைகளையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் அசைத்தும் இளக்கும் ஆஸ்டியோபதி முறைகளையும் கையாள்பவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

லாரி ஓட்டுநர், தருமபுரி: தொப்பூர் கணவாயில் பக்கக் கண்ணாடியைப் பார்க்க உடம்பையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கிறது, ஐயா. வயது 54. கழுத்து பழையபடி திரும்புமா?

கழுத்தின் 7 முள்ளெலும்புகளில், தலை திரும்பும் அளவில் ஏறக்குறையப் பாதி மேலுள்ள இரண்டுக்கும் இடையில்தான் நிகழ்கிறது. இளமையில் ஒவ்வொரு பக்கமும் 80 பாகையளவு திரும்பும் தலை வயது ஏற ஏறக் குறைவாகவே திரும்பும் என்பதால், 25 வயதின் அளவைத் தாங்கள் எதிர்பார்க்கலாகாது. ஆயினும், தசை இறுகியோ வலிக்கு அஞ்சியோ அசையாதிருக்கும் கழுத்தில், தாங்கள் தலையால் என் கையை மெல்லத் தள்ள, நான் சில நொடிகள் எதிர்த்துப் பிடித்து, தசை தளர்ந்ததும் இன்னும் சற்றுத் திருப்பும் முறை அன்றைக்கே சில பாகைகளைக் கூட்டித் தருவதுண்டு. அந்தக் கூடுதல் பெரும்பாலும் சிறியது. வீட்டில் நாள்தோறும் கழுத்துப் பயிற்சி செய்யாவிட்டால் விரைவில் மறைந்துவிடும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பாகைமானியால் அளந்து காட்டும்படி கேளுங்கள். அளக்காமல் ‘நன்றாகத் திரும்புகிறது’ என்று சொல்வதை நான் பொருட்படுத்துவதில்லை.

தையல் தொழிலாளி, ஓசூர்: ‘சொடக்’ என்று கேட்டால் விலகிய எலும்பு இடத்தில் அமர்ந்துவிட்டதாகப் பொருளா?

இல்லை. மூட்டு நீரில் வாயுக்குமிழி உருவாகும்போது எழும் ஒலி அது. ஒலியே இல்லாமலும் கழுத்து இளகும்.

மாந்தோப்புக்காரர், போச்சம்பள்ளி: காய் பறிக்கும் பருவத்தில் அண்ணாந்தே நிற்பதால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. சலூனில் நெட்டி எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களில் இரண்டு கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே ஏறுகின்றன. திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது என்றாலும், வந்தால் மீள்வது கடினம். பயிற்சி பெற்றவர் திருகினாலும் இந்த ஆபத்து முற்றிலும் நீங்காது என்பதால், நான் மென்மையான முறைகளையே விரும்புகிறேன். கழுத்தைத் திருகிய பின் புதுவிதமான கடும் வலியோ, தலைச்சுற்றலோ, நாக்குழறலோ, இரட்டைப் பார்வையோ தோன்றினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

இல்லத்தரசி, பாலக்கோடு: அம்மாவுக்கு 68 வயது, நெடுநாள் முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) உண்டு. இப்போது ரவிக்கைக் கொக்கி மாட்ட விரல் வரவில்லை, நடை தள்ளாடுகிறது. அழைத்து வரட்டுமா?

என்னிடம் வேண்டாம், அம்மா. முடக்குவாதம் மேல் இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களைத் தளர்த்தக்கூடும். தாங்கள் கூறும் அறிகுறிகள் தண்டுவடம் நசுங்குவதைக் காட்டுவனவாக இருக்கலாம். யாரும் கழுத்தைத் தொடுவதற்கு முன், தாமதமின்றி எலும்பு அல்லது நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.