மிளகாய் மூட்டைக் கடிதங்களை எறியாதேங்கோ

அண்ணை, வணக்கம். வீடு விக்கப்போறம், சாமான் ஒதுக்கேக்க அப்பப்பாவின்ர டிரங்குப் பெட்டி ஒண்டு வந்தது. அவர் புறக்கோட்டையில மொத்த வியாபாரம் செய்தவர். உள்ளுக்க முழுக்கக் கடைக் கடிதம்தான், மிளகாய் என்ன விலை, எத்தினை மூட்டை ரயிலில ஏத்தினது, காசு எப்ப வரும், இப்பிடியே போகுது. மெல்லிசுத் தாளில ஊதா எழுத்தோட தடிச்ச புத்தகம் ஒண்டும் கிடக்கு. குடும்ப விஷயம் வாற நாலைஞ்சை எடுத்து வைச்சிட்டு மிச்சத்தைப் பழைய பேப்பருக்குப் போடலாமோ?
ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புத் தங்கச்சி,

போட்டிடாதேங்கோ. ராத்திரி உங்கட கடிதம் படிச்சதில இருந்து அந்தப் பெட்டி நினைப்புத்தான் எனக்கு.

முதல்ல அந்த ஊதா எழுத்துப் புத்தகம். அது அனுப்பின கடிதங்களின்ர கொப்பி. ஸ்டீம் எஞ்சின் ஜேம்ஸ் வாட் 1780இல பேட்டன்ட் எடுத்த முறை. அதுக்கெண்டு இருக்கிற மையால கடிதத்தை எழுதி, மெல்லிசுத் தாளை ஈரமாக்கி மேல வைச்சு இரும்பு பிரஸ்ஸில இறுக்கினா மை தாளில ஊறும், ஒட்டின பக்கம் எழுத்து இடம்வலம் மாறித்தான் விழும், ஆனா தாள் மெல்லிசெண்டபடியா மற்றப் பக்கத்தால நேரா வாசிக்கலாம். பெட்டியில இருக்கிறது அப்பப்பாவுக்கு வந்தது, புத்தகத்தில இருக்கிறது அவர் எழுதினது. ரெண்டு பக்கக் கதையும் ஒரே இடத்தில கிடைக்கிறது எவ்வளவு அபூர்வம் தெரியுமோ! ஈரத் துணியால மட்டும் துடைச்சிடாதேங்கோ, அந்த மை தண்ணி பட்டாத் திரும்பக் கரையும்.

கொட்டாஞ்சேனையில ஒரு சிநேகிதன் வீட்டில இப்பிடி ஒரு கட்டுப் பாத்தனான். பிள்ளையார் சுழி, தேதி, பிறகு 'இப்பவும்' எண்டு தொடங்கி வெங்காயம் நனைஞ்சு வந்த சண்டை, ஓரத்தில சின்னனா 'தம்பிக்குக் காய்ச்சல் விட்டதோ' எண்டு ஒரு வரி. அடுத்த கடிதத்தில காய்ச்சல் விட்டிட்டுது, வெங்காயக் காசிலயும் பாதி கழிச்சிருந்தது. நீங்கள் சொல்லுற மாதிரிப் பிரிச்சா இதை எந்தப் பக்கம் போடுவியள்?

கொழும்பு 7இல தேசிய சுவடிகள் திணைக்களத்தில டச்சுக் கொம்பனிப் பேப்பர் ஏழாயிரம் தொகுதி அளவில இருக்கு, 1640 தொடக்கம் 1796 வரை. கறுவா, யாழ்ப்பாணத்தில ஏலம் விட்ட யானை எண்டு அதுவும் வியாபாரக் காகிதம்தானே, 2003இல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில சேர்த்தது. இத்தாலியில பிராட்டோ ஊரில டத்தினி எண்ட வியாபாரி 1410இல செத்தவர், அவற்ற ஒண்டரை லட்சம் அளவு கடிதங்களை 1870இலதான் அவற்ற வீட்டுக்குள்ளயே கண்டெடுத்தவை. எங்கட சின்னக் கடைக்காரரின்ர கடிதங்களுக்கு என்ன நடந்தது? 83 ஜூலைக் கலவரத்தில புறக்கோட்டையில கடையோட சேத்துக் கணக்குக் கொப்பியும் எரிஞ்சுது. அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியும். மிஞ்சினதெண்டா உங்கட மாதிரி வீட்டுப் பெட்டிகளுக்குள்ளதான்.

கட்டு அவிழ்க்க முதல் இருக்கிறபடியே போட்டோ எடுங்கோ, அடுக்கை மாத்தாதேங்கோ, எந்தக் கடிதத்துக்குப் பிறகு எது எண்டதிலதான் பாதி விஷயம் இருக்கு. துருப்பிடிச்ச குண்டூசியை மெதுவாக் கழட்டுங்கோ. செலோடேப் வேண்டாம், லேமினேட் வேண்டவே வேண்டாம். நூலக நிறுவனம் 2005இல இருந்து எங்கட தமிழ் ஆவணங்களை ஸ்கேன் பண்ணி இணையத்தில போடுது, அவையோட ஒருக்காக் கதையுங்கோ. வீடு விக்கிற அவசரத்தில பெட்டி வைக்க இடமில்லாட்டி எனக்கு ஒரு மெயில் போடுங்கோ, ஓட்டோ பிடிச்சு வந்து நானே எடுத்து வைக்கிறன்.