இரவு யூனிட்டில் வீடும் வெந்நீரும்: வாசகர் கேள்விகள்

பிரிட்டனில், பெரும்பாலும் கேஸ் இணைப்பு இல்லாத அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் வாசகர்கள் குளிர்காலம் தொடங்கியதுமே அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை ‘எக்கானமி 7’ பற்றியவை. 1978இல் வந்த இந்த மின்கட்டணத் திட்டத்தில் இரவில் 7 மணி நேரம் யூனிட் விலை குறைவு, மீதி 17 மணி நேரம் வழக்கத்தைவிட அதிகம். இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஃப்ளாட்டில் பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் (இரவில் சூட்டைச் சேமித்துப் பகலில் விடும் பெட்டிகள்) மூன்று இருக்கின்றன. காலையில் வீடு வேகிறது, பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது ஹீட்டர் ஆறிக் கிடக்கிறது. மாலையில் தனி ஃபேன் ஹீட்டர் போடுகிறோம், பில் எகிறுகிறது. மேலே இருக்கும் இரண்டு திருகுகளையும் 6இல்தான் வைத்திருக்கிறோம். (வாசகி, குரோய்டன்)

பதில்: இரண்டையும் 6இல் வைத்திருப்பதுதான் கோளாறு. ‘இன்புட்’ என்ற திருகு இன்றிரவு எவ்வளவு சூட்டைச் சேமிப்பது என்று தீர்மானிக்கிறது. ‘அவுட்புட்’ என்ற திருகு, சேமித்த சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே விடுவது என்பதற்கு. உள்ளே கனமான செங்கற்கள், அவற்றுக்கு நடுவே எலிமென்ட்கள் (மின்சாரத்தில் சூடேறும் கம்பிகள்), மேலே ஒரு தகட்டுக் கதவு. அவுட்புட்டைத் திறந்தே வைத்தால், செங்கல் சூடேறும்போதே அந்தக் கதவு வழியாகச் சூடு போய்க்கொண்டிருக்கும். நீங்கள் போர்வைக்குள் தூங்கும் நேரத்தில் வீடு வெந்து, பிற்பகலில் பெட்டி காலியாகிவிடும்.

இப்படி மாற்றிப் பாருங்கள். படுக்கப் போகும் முன் அவுட்புட்டை 1க்கு இறக்குங்கள். மறுநாள் வானிலையைப் பார்த்து இன்புட்டை வையுங்கள். உறைபனி என்றால் 5 அல்லது 6, சாதாரணக் குளிர் என்றால் 3 அல்லது 4. காலையிலும் பகலிலும் அவுட்புட் 1இலேயே இருக்கட்டும். கதவு மூடியிருந்தாலும் பெட்டியின் உடம்பிலிருந்து கசியும் சூடே பகலுக்குப் பெரும்பாலும் போதும். பிள்ளைகள் வரும் நேரத்தில் 3க்கோ 4க்கோ ஏற்றுங்கள், படுக்கும்போது மறுபடியும் 1. இன்புட்டில் இன்று செய்யும் மாற்றம் நாளைக்குத்தான் தெரியும். ஆகவே ஒரு நாளில் முடிவு கட்டாமல் நான்கைந்து நாள் பொறுத்துப் பாருங்கள்.

எவ்வளவு சூடு கிடைக்கும் என்பது ஹீட்டரின் அளவைப் பொறுத்தது. பழைய பெட்டிகளில் எலிமென்ட் ஒவ்வொன்றும் சுமார் 850 வாட். இரண்டு எலிமென்ட் என்றால் 1.7 கிலோவாட், மூன்று என்றால் 2.55, நான்கு என்றால் 3.4. ஏழு மணி நேரம் முழுதாக ஏற்றினால் முறையே ஏறக்குறைய 12, 18, 24 யூனிட். மூன்று ஹீட்டரையும் 6இல் வைத்தால் ஓர் இரவில் 50 யூனிட்டுக்கு மேல் போவது இதனால்தான். ஆளில்லாத படுக்கையறைப் பெட்டியை 2இல் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஒரு பெட்டி மட்டும் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறதா? ஒரு எலிமென்ட் போயிருக்கும். மூன்றில் ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு சூடு குறையும், அவ்வளவுதான். அதனால்தான் பலர் கவனிப்பதே இல்லை. எலிமென்டை மாற்ற முடியும், ஆனால் எலெக்ட்ரீஷியன் வேலை. பெரிய பெட்டி நூறு கிலோவுக்கு மேல் எடை, சுவரில் பிணைத்திருக்கும். பெயின்ட் அடிக்க நகர்த்திப் பார்க்காதீர்கள். 1970களின் நடுப்பகுதிக்கு முந்தைய பெட்டி என்றால் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், திறக்கவே கூடாது.

இன்புட்டில் ‘ஆட்டோ’ உள்ள பெட்டிக்கு ஒரு குறிப்பு: அது இரவில் அறையின் குளிரை அளந்துதான் எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்கிறது. மீன் குழம்பு வாசம் போகட்டும் என்று இரவு முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் பெட்டி நிரம்ப ஏற்றிக்கொள்ளும்.

கேள்வி: 210 லிட்டர் வெந்நீர்ச் சிலிண்டர், அதில் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு இமர்ஷன் (தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மின் ஹீட்டர்). ஐந்து பேர். வெள்ளிக்கிழமை எல்லோரும் தலைக்குக் குளித்தால் மாலையில் வெந்நீர் இல்லை. இமர்ஷனை நாள் முழுக்கப் போட்டே வைக்கலாமா? (வாசகர், ஹாரோ)

பதில்: வேண்டாம். கீழ் இமர்ஷன் இரவு யூனிட்டுக்கு, மேல் இமர்ஷன் அவசரத்துக்கு. மேலே உள்ளது தனக்கு மேலிருக்கும் தண்ணீரை மட்டும் சுட வைக்கும். இரண்டும் எந்த ஸ்விட்ச் என்று முதலில் கண்டுபிடித்து ஒட்டுச்சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ‘பூஸ்ட்’ ஸ்விட்ச் மாதக்கணக்கில் போட்டபடியே கிடக்கும் வீடுகள் நிறைய.

கணக்கு எளிது. ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.163 வாட்-மணி. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரி என்று வைத்தால், 210 லிட்டரை 60க்கு ஏற்ற ஏறக்குறைய 12.2 யூனிட். 3 கிலோவாட் இமர்ஷனுக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகவே ஏழு மணி நேரமும் தேவையில்லை. டைமர் இருந்தால் மலிவு நேரத்தின் கடைசி நாலரை மணி நேரத்துக்கு வையுங்கள். நள்ளிரவிலேயே கொதித்துவிட்டு விடியும்வரை ஆறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

60 டிகிரி நீரைக் குளிர்நீரோடு கலந்து 40இல் குளித்தால் 210 லிட்டர், கணக்குப்படி 350 லிட்டர் ஆகும். கையில் கிடைப்பது 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டர். நான்காவது ஆளோடு சிலிண்டர் முடிந்தது. தலைமுழுக்கு நாளில் ஐந்தாவது ஆள் வாளியில் குளிக்கலாம், அல்லது மேல் இமர்ஷனை அரை மணி நேரம் போடலாம். அதற்கு ஒன்றரை யூனிட் பகல் விலையில் போகும். தினமும் செய்யாதவரை அது பெரிய செலவல்ல.

தெர்மோஸ்டாட்டை (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) 60 டிகிரியில் வையுங்கள். அதற்குக் கீழே போனால் லீஜியனெல்லா கிருமி வளர இடமுண்டு. அதற்கு மேலே போனால், லண்டன் போன்ற கடின நீர்ப் பகுதிகளில் சுண்ணாம்பு வேகமாகப் படியும். சிலிண்டர் கெட்டில் போல இரைந்தால் எலிமென்டில் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்விட்ச் போட்டிருக்கும்போது நீராவி, குமுறல், அல்லது குளிர்நீர்க் குழாயில் சுடுநீர் வந்தால் தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை. உடனே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பழைய தெர்மோஸ்டாட்களில் இரண்டாவது பாதுகாப்புத் துண்டிப்பு கிடையாது. கொதிநீர் கூரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறி, அந்தப் பிளாஸ்டிக் தொட்டி இளகி விழுந்து உயிர்ப்பலி நேர்ந்திருக்கிறது. இரட்டைப் பாதுகாப்புள்ளதாக மாற்றச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை.

வெற்றுச் செம்புச் சிலிண்டருக்கு 80 மில்லிமீட்டர் தடிப்பில் உறை போடுங்கள். இமர்ஷனின் மூடியை மட்டும் உறையால் மூடக் கூடாது.

இன்னொன்று: குளியலறையில் எலெக்ட்ரிக் ஷவர் இருக்கிறதா? அது சிலிண்டரைத் தொடுவதே இல்லை. 9 கிலோவாட் ஷவரில் பத்து நிமிடம் குளித்தால் 1.5 யூனிட், மாலை என்றால் முழுப் பகல் விலை.

கேள்வி: எக்கானமி 7 எங்களுக்கு லாபமா நட்டமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

பதில்: உங்கள் மின்சாரக் கம்பெனியிடம் மூன்று விலைகளைக் கேளுங்கள்: ஒற்றை விலை (நாள் முழுக்க ஒரே விலையான திட்டத்தில்), எக்கானமி 7இன் பகல் விலை, இரவு விலை. பகலிலிருந்து ஒற்றையைக் கழித்து, அதைப் பகலுக்கும் இரவுக்குமான வித்தியாசத்தால் வகுங்கள். வருகிற விகிதத்துக்கு மேல் இரவில் செலவழித்தால்தான் லாபம்.

உதாரணத்துக்கு (இவை கற்பனை விலைகள்) ஒற்றை 25 பென்ஸ், பகல் 30, இரவு 16 என்போம். 5ஐ 14ஆல் வகுத்தால் 36 சதவீதம். ஆண்டுக்கு 6,000 யூனிட்டில் பாதி இரவில் போனால் 1,380 பவுண்டு. ஒற்றை விலையில் 1,500. அதே 6,000இல் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் இரவில் போனால் 1,632. வாஷிங் மெஷினை இரவில் ஓட்டுவதால் மட்டும் 36 சதவீதத்தைத் தொட முடியாது. ஹீட்டரும் சிலிண்டரும் இரவில் ஏறினால்தான் எட்டும். உங்கள் வீட்டில் இரண்டும் இல்லையென்றால் ஒற்றை விலைக்கு மாறுங்கள்.

மீட்டரில் எந்த எண் இரவு என்று பலருக்குத் தெரியாது. கம்பெனியின் ஏட்டில் இரண்டும் இடம் மாறியிருப்பதும் உண்டு. பகலில் கெட்டில் போட்டு எந்த எண் நகர்கிறது என்று பாருங்கள், பில்லோடு ஒப்பிடுங்கள். மலிவு நேரம் ஊருக்கு ஊர் மாறும். பழைய மீட்டர்கள் பல கோடையிலும் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும். குளிர்காலத்தில் 12:30க்குத் தொடங்குவது கோடையில் உங்கள் கடிகாரப்படி 1:30.

மின்கார்களுக்கான இரவுத் திட்டங்களின் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். பலவற்றில் மலிவு நேரம் நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான். பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர் ஏழு மணி நேரத்துக்கென்று செய்தது, அரைகுறையாகத்தான் நிரம்பும்.

கேள்வி: ஸ்மார்ட் மீட்டர் மாற்றிய பிறகு ஹீட்டர்கள் பகலிலும் சூடேறுகின்றன. (வாசகி, லெஸ்டர்)

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஒவ்வொரு பகலும் பணம் போகிறது. பழைய வீடுகள் பலவற்றில் பிபிசியின் 198 கிலோஹெர்ட்ஸ் நீள அலை வழியே வந்த சமிக்ஞைதான் இரவில் ஹீட்டரை இயக்கியது. அதை 2025 ஜூன் 30இல் நிறுத்துவதாக நாள் குறித்து, பிறகு பகுதி பகுதியாக நிறுத்தத் தொடங்கினார்கள். அந்த இணைப்புள்ள வீட்டுக்கு, ஹீட்டர் வயரைத் தனியாக இயக்கும் ஐந்து முனை ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். சாதாரண மீட்டரைப் போட்டு ஹீட்டர் வயரையும் அதோடு சேர்த்துவிட்டால் 24 மணி நேரமும் மின்சாரம் போகும்.

இன்றே ஹீட்டர்களைச் சுவர் ஸ்விட்சில் அணைத்து, இரவில் மட்டும் போடுங்கள். கம்பெனியிடம் “ஹீட்டர் சர்க்யூட்டுக்கு ஐந்து முனை மீட்டர்” என்று எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் எலெக்ட்ரீஷியன் டைம் ஸ்விட்சும் கான்டாக்டரும் (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் ஸ்விட்ச்) போடலாம். 3.4 கிலோவாட் ஹீட்டர் மூன்று, இமர்ஷன் ஒன்று என்றால் 13.2 கிலோவாட், அதாவது 57 ஆம்பியர். கடையில் வாங்கும் பிளக் டைமர் இதற்கு உதவாது.

கேள்வி: கேஸ் பாய்லர் இருக்கிறது. வெந்நீரை இரவு யூனிட்டுக்கு மாற்றலாமா? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

பதில்: வேண்டாம். கேஸ் யூனிட் விலை மின்சாரத்தின் ஒற்றை விலையில் ஏறக்குறைய கால் பங்கு. பாய்லரின் இழப்பைச் சேர்த்தாலும் எக்கானமி 7 இரவு விலை பொதுவாக அதைவிடக் கூடுதல்தான்.

கேள்வி: எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டரை இரவில் ஓட்டினால் ஸ்டோரேஜ் ஹீட்டர் போலப் பயன்படுமா? ஸ்டோரேஜ் ஹீட்டர் மேலே துணி காயப்போடலாமா? (வாசகி, மான்செஸ்டர்)

பதில்: எண்ணெய் ரேடியேட்டர் அணைத்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ஆறிவிடும். இரவுச் சூடு பகலுக்கு வராது. அதைச் சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம். ஸ்டோரேஜ் ஹீட்டர் மேல் துணி போட்டால் காற்று வழி அடைபட்டு, உள்ளே இருக்கும் வெப்பத் துண்டிப்பு விழும். சில பெட்டிகளில் அதை மீட்க மூடியைக் கழற்ற வேண்டும். மோசமானால் துணியே பற்றும். நீளத் திரைச்சீலையையும் பெட்டிக்கு மேலேயே முடியும்படி வெட்டித் தைத்துவிடுங்கள்.