பிள்ளை பெயரைச் சொல்லி வாங்கிய கியர்

கேள்வி: ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். பழைய ஜப்பான் சைக்கிள் பாகங்கள் சேர்ப்பதில் எனக்குப் பைத்தியம். சன்டூர், சுகினோ, டயா-கோம்பே, ஷிமானோ என்று ஓர் அறை நிறைய இருக்கிறது. பாதிக்கு மேல் பெட்டி பிரிக்காதவை. ஷிமானோ பாகத்தின் பின்னால் உள்ள இரண்டு எழுத்தை வைத்தே எந்த வருடம், எந்த மாதம் செய்தது என்று சொல்லிவிடுவேன். சமீபத்தில் சாகாய் நகரில் கடையை மூடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், என் மகனுக்கு சைக்கிள் கட்டப் போகிறேன் என்றதும் சன்டூரின் 'சைக்ளோன்' கியர் செட்டைப் பாதி விலைக்கே கொடுத்துவிட்டார். மனைவியோ எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்கிறாள். இதன் அருமையை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒசாகா

பதில்: தம்பி, மனைவிக்குப் புரியவைப்பது அப்புறம் இருக்கட்டும். மகனுக்கு சைக்கிள் கட்டியாயிற்றா?

கட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். கட்டியிருந்தால் முதலில் அதைத்தான் எழுதியிருப்பீர்கள். கடிதம் முழுவதிலும் பிள்ளை ஒரே ஒரு இடத்தில் வருகிறான், அதுவும் விலை குறைப்பதற்கு. ஷிமானோ பாகத்தில் 'ஐசி' (IC) என்று பொறித்திருந்தால் 1984 மார்ச் என்று உங்களுக்குத் தெரியும். பையனுக்கு என்ன வயது, எந்த வகுப்பு என்று எழுதத் தோன்றவில்லை.

அந்தப் பெரியவர் விலையைக் குறைத்தது உங்களுக்காக அல்ல. கடையை மூடும் நேரத்தில், தன் சரக்கை ஒரு சிறுவன் ஓட்டப் போகிறான் என்று நம்பிக் குறைத்தார். அந்தப் பாதி விலை உங்கள் மகனுக்கு அவர் கொடுத்தது. அதை நீங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். பிள்ளை பெயரைச் சொல்லி வாங்கியதைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பது தப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அருமை என்கிறீர்களே, அதையும் பேசுவோம். சாகாய் கத்திக்கும் துப்பாக்கிக்கும் பேர்போன கொல்லர்களின் ஊர். 1921இல் ஷோஸாபுரோ ஷிமானோ அங்கே பட்டறை போட்டு முதலில் செய்தது ஃப்ரீவீல், அதாவது மிதிக்காதபோதும் பின்சக்கரத்தைத் தானாகச் சுழல விடும் பல்சக்கரம். சன்டூர் என்ற பெயரில் விற்ற மயேதா கம்பெனியும் ஒசாகா வட்டாரத்துக் கம்பெனிதான். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்குத் தள்ளும் கருவிதான் டெரெய்லர். அந்தக் காலத்து டெரெய்லரின் கை மட்டமாகப் பக்கவாட்டில் நகரும். பெரிய பல்சக்கரத்திலிருந்து சின்னதுக்கு வரும்போது செயினை வழிநடத்தும் உருளைக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி அகன்று செயின் தடுமாறும். 1964இல் மயேதாவில் இருந்த நோபுவோ ஒஸாகி அந்தக் கையைச் சாய்த்து வைத்தார். பல்சக்கரங்களின் சரிவோடு உருளையும் கூடவே இறங்கியது, இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. அவ்வளவுதான் மாற்றம், ஆனால் கியர் சட்டென்று விழுந்தது. இதைப் பந்தய சைக்கிளுக்கு மட்டும் என்று சன்டூர் ஒதுக்கி வைக்கவில்லை. சாதாரண ஆள் வாங்கும் சைக்கிளிலும் மலிவாகப் பூட்டியது. 1984இல் காப்புரிமை முடிந்ததும் ஷிமானோவும் அதே சாய்வை எடுத்துக்கொண்டது. இன்றைய கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை அப்படித்தான் ஓடுகின்றன.

இத்தனையும் செயின் ஓடும்போதுதான் தெரியும். பெட்டிக்குள் அது வெறும் அலுமினியம். அங்கே பத்திரமாக இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிப்போகும், ஃப்ரீவீலின் உள்ளே கொக்கி ஒட்டிக்கொள்ளும், ரப்பர் வெடிக்கும்.

எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்லும் உங்கள் மனைவி பக்கமும் நான் முழுக்க நிற்கவில்லை. இது நல்ல ரசனைதான், விட வேண்டாம். ஆனால் என்ன வாங்கினீர்கள், எவ்வளவுக்கு என்று அந்தப் பெண் கேட்காமலே நீங்கள் கணக்குக் காட்ட வேண்டும். குடும்பஸ்தனுக்கு அது கடமை, அதில் கௌரவம் பார்க்கக் கூடாது. ஒரே மாதிரி இரண்டு மூன்று இருப்பதை விற்று அறையில் பாதியைக் காலி செய்யுங்கள்.

இந்த ஞாயிறே பையனின் கால் உயரத்தை அளந்து, அதற்கேற்ற பழைய ஸ்டீல் ஃப்ரேம் தேடுங்கள். சைக்ளோனைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வையுங்கள். ஸ்பேனர் அவன் கையில் இருக்கட்டும். நட்டைக் கோணலாக ஏற்றினால் கத்தாதீர்கள், திரும்பக் கழற்றச் சொல்லுங்கள். கியர் மாற்ற, கிளிக் இல்லாத சன்டூர் லீவரையே போடுங்கள். கியர் விழுந்ததைக் காலாலும் காதாலும் அவனே கண்டுபிடிக்கட்டும், சீக்கிரம் பழகிவிடுவான். பிரேக் கட்டையும் கேபிளும் மட்டும் புதிது வாங்குங்கள். நாற்பது வருட ரப்பரை நம்பிப் பிள்ளையை ரோட்டில் விடக் கூடாது.

ஓட ஆரம்பித்ததும் சாகாய் போய் அந்தப் பெரியவரைத் தேடி, பையன் ஓட்டுவதைக் காட்டுங்கள். மனைவியையும் கூட்டிப்போங்கள். அவரிடம் என்ன சொல்லிப் பாதி விலைக்கு வாங்கினீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள். அதை அவர் வாயால் அந்தப் பெண் கேட்கும்படி வைக்காதீர்கள்.