ஆரல்வாய்மொழியில் காற்றாடியைத் தவிர வேறு என்னதான் இருக்கிறது?

"நாகர்கோவில் போகும் வழியில் ஆரல்வாய்மொழியைப் பார்த்தேன். கரண்ட் எடுக்கும் காற்றாடியைத் தவிர அந்த ஊரில் வேறு என்னதான் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பஸ் ஜன்னலிலிருந்து இரண்டு நிமிடம் பார்த்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போனவர் என்று நினைக்கிறேன். தப்பில்லை. ஆனாலும் ஊர்க்காரனுக்குச் சுருக்கென்று இருக்கிறது.

முதலில் பேர். நாங்கள் ஆராம்புளி என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரன் காதில் அது அரம்போலி ஆகிவிட்டது. ஆரல் என்றால் மதில், அதனால்தான் இந்தப் பேர் என்பார் எங்கள் பாட்டா. அவர் தமிழ் வாத்தியார் இல்லை, செங்கல் சூளையில் கணக்கு எழுதியவர். வேறு விளக்கம் வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் மல்லுக்கு வரவேண்டாம்.

மலைத்தொடர் தெற்கே வந்து முடியும் இடத்தில் இரண்டு மலைக்கு நடுவே ஒரு வாய், அதுதான் எங்கள் ஊர். கிழக்கே பாண்டி, அதாவது திருநெல்வேலிப் பக்கம்; மேற்கே நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாடு. படை வந்தாலும் புகையிலை மூட்டை வந்தாலும் இந்த வாய் வழியாகத்தான் வரவேண்டும். இன்று காற்றாடிக்காரர்கள் இங்கே வந்ததற்கும் அதே வாய்தான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடுக்கில் நெரிபட்டுத்தான் அத்தனை வேகம் எடுக்கிறது. திருவிதாங்கூர் ராஜாக்கள் அந்த வாயை மதில் கட்டி அடைத்தார்கள். தெற்கே கடலோரத்தில் இருக்கும் வட்டக்கோட்டையும் அதே காவல் வரிசைதான். 1741-இல் குளச்சலில் பிடிபட்டு, பிறகு ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே படைத்தலைவராகிவிட்ட டச்சுக்காரர் டி லனாய் இந்த அரண்களைப் பலப்படுத்தினார். வாசலில் வண்டிகள் காத்துக் கிடந்தன, காளைக்குத் தண்ணீரும் வண்டிக்காரனுக்குச் சோறும் வேண்டியிருந்தது, ஊர் அப்படித்தான் சேர்ந்தது என்பது என் கணக்கு.

இங்கே இருக்கும் காற்றாடிமலைக்கு இந்த இயந்திரங்கள் வருவதற்கு வெகு முன்பே அதுதான் பேர். 1752 ஜனவரி 14 அன்று, கிறிஸ்தவராக மாறிய திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றது அங்கேதான். 2022-இல் போப் அவரைப் புனிதர் என்று அறிவித்ததும் டிவிக்காரர்கள் வந்து போனார்கள். நான் மதம் பேச வரவில்லை. 1745-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றது எல்லைக்கு அந்தப்பக்கம் வடக்கன்குளத்தில், உயிரை விட்டது எல்லைக்கு இந்தப்பக்கம். எல்லை ஊர் என்றால் என்ன என்பதற்கு இதைவிட எனக்கு உதாரணம் தெரியவில்லை.

1809-இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகத் திரும்பியபோது, செயின்ட் லெஜர் என்ற கர்னலின் படை கிழக்கிலிருந்து வந்து இந்த மதிலில் முட்டி நின்றது. நேரே வாசலை உடைக்க வழியில்லை. பிப்ரவரி 9 இரவு மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவோடு தெற்குப் பக்கத்து மலையில் இருட்டிலேயே ஏறி, விடியும் நேரத்தில் மேலிருந்து காவல்காரர்கள் தலையில் இறங்கினார். 10-ஆம் தேதி கோட்டை போயிற்று. இந்த வெல்ஷ் ஒரு காலத்தில் சின்ன மருதுவிடமே வளரி எறியக் கற்றுக்கொண்டவர்! வேலுத்தம்பியைப் பற்றி எது எழுதினாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு வரும், எனவே இதோடு விடுகிறேன். தலக்குளத்துக்காரர், நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மதிலுக்கு வேலை போனாலும் எல்லை போகவில்லை. எங்கள் பாட்டி பணகுடிக்காரி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து சாகும்வரை அவள் 'பாண்டிக்காரி'தான். வந்த புதிதில் காசு கணக்குதான் அவளைப் பாடாய்ப் படுத்தியதாம். திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய் என்றால் 28 சக்கரம் (அந்தக் காலத்து நாணயம்), பிரிட்டிஷ் ரூபாய் என்றால் 28 சக்கரம் 8 காசு. "அந்த எட்டுக் காசுக்காக உங்க பாட்டா என்னைய எத்தனை மட்டம் ஏசியிருக்காரு தெரியுமா மக்கா" என்பாள். 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் மலையாளப் பக்கத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். பாட்டியை யாரும் பாண்டிக்காரி என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

இனி என் கதை. அப்பா காலமான பிறகு எங்கள் விளையை, அதாவது தோட்ட நிலத்தை, அண்ணனும் நானும் பிரிக்க வேண்டியிருந்தது. மூலப் பிரமாணம் (பத்திரம்) கொல்லம் ஆண்டு 1079, அதாவது நூற்றிருபது வருடத்துக்கு முந்தையது, முழுக்க மலையாளம். அதைப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரைத் தேடி நாகர்கோவிலுக்கு நாலு தடவை அலைந்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: திரும்பி வரும்போது எந்த விரைவு பஸ் கண்டக்டரும் ஆராம்புளிக்கு டிக்கெட் தர மாட்டார். "திருநெல்வேலி மட்டும் ஏறு" என்பார். வயசானவர்கள், கைப்பிள்ளைக்காரிகள் எல்லாம் நிற்பார்கள், ஒருத்தர் மனசும் இளகாது. ராஜா காலத்தில் நிற்காமல் ஒரு வண்டி இந்த ஊரைத் தாண்டியிருக்க முடியுமா?

பெரியவர் படித்துச் சொன்னார்: "கிழக்கு எல்லை கோட்டைமதில்." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விளையின் கிழக்கு ஓரத்தில் ஒரு மேடு உண்டு. கல்லும் கருவேலமுமாகக் கிடக்கும், சின்ன வயதில் அதன்மேல் ஏறித்தான் பட்டம் விடுவோம். அது மதில் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, ஏதோ கோட்டையே நமக்குச் சொந்தம் என்கிற மாதிரி பீற்றிக்கொண்டேன்.

அலுவலகத்தில் (எது என்று சொல்லவில்லை, வம்பு) பிரமாணத்தின் தமிழாக்கத்தை நீட்டினேன். அங்கிருந்தவர் எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தைப் புரட்டிவிட்டு, "கோட்டையெல்லாம் இதுல இல்ல சார். இந்த இடம் புறம்போக்குன்னுதான் இருக்கு" என்றார். நான் வேலுத்தம்பியிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கேட்டுவிட்டு, "மதில் உங்க கிழக்கு எல்லைன்னா, மதில் உங்களது இல்லன்னுதானே அர்த்தம்?" என்றார். பதில் இல்லை என்னிடம்.

சர்வேயர் வந்து சங்கிலி போட்டபோதுதான் தெரிந்தது, அப்பா நாற்பது வருடமாக வேலியை மேட்டுக்கு அந்தப்பக்கம் போட்டு வைத்திருந்திருக்கிறார். மூன்று சென்ட் போயிற்று. என் வாயால் போனது என்று அண்ணன் ஆறு மாதம் பேசவில்லை. இதைப் படித்துவிட்டு "ஆக்கிரமிப்புக் குடும்பம்" என்று எழுத வருபவர்களுக்கு: திருப்பிக் கொடுத்தாயிற்று, கல்லும் நட்டாயிற்று. கல் நட்ட அன்று பக்கத்து விளை அண்ணாச்சி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "என்ன மக்கா, மார்த்தாண்ட வர்மாவுக்கு நிலத்த எழுதிக் குடுத்தாச்சா?" என்று கேட்டார். இப்போது அந்த மேட்டில் அவருடைய ஆடுகள்தான் கட்டியிருக்கின்றன.

பார்க்க வருவதென்றால் வாருங்கள், நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். சாதா வண்டியில் ஏறுங்கள். மற்றது நிற்காது.