மறுபடி வேலைக்குக் கூப்பிடுவார்களா? முதலில் அந்தக் கையெழுத்தைப் பாருங்கள்

கேள்வி: ஆம்பூர் அருகே ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை செய்தேன். பேர்ணாம்பட்டுப் பக்கம் எங்கள் ஊர். ஆர்டர் இல்லை என்று மூன்று வாரத்துக்கு முன்பு எங்கள் பிரிவில் நாற்பது பேரை நிறுத்திவிட்டார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். ஆர்டர் வந்ததும் கூப்பிடுவோம் என்கிறார்கள். இப்போது ஒருவர், 15,000 ரூபாய் கொடுத்தால் உள்ளே சேர்த்துவிடுகிறேன் என்று வீட்டுக்கே வந்து சொல்கிறார். வேலை போனவர்களைத் திரும்பச் சேர்க்கச் சட்டம் இருக்கிறதா?
– ஒரு வாசகி

பதில்: இருக்கிறது, சகோதரி. ஆட்குறைப்பு செய்த ஒரு நிர்வாகம், ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால், வெளியே அனுப்பியவர்களுக்குத்தான் முதலில் வாய்ப்புத் தர வேண்டும். திரும்பி வர விரும்புகிறவர்களுக்குப் புதிய ஆட்களைவிட முன்னுரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே இந்த உரிமை இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பழைய சட்டத்தின் இந்தப் பிரிவில் ஓராண்டு என்ற வரம்பு இல்லை. புதியதில் அதைச் சேர்த்துவிட்டார்கள். ஏற்றுமதியை நம்பிய தொழிலில் ஆர்டர் திரும்புவதற்கே ஓராண்டு ஆகிவிடலாம் என்பதை இதை எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்த வட்டாரம் பட்ட பாட்டை நாம் கண்ணால் பார்த்தோம்.

ஆனால் இந்த உரிமை ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு மட்டுமே. தானாக விலகியவருக்கு இல்லை. அதனால்தான் நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைப் பற்றிக் கவலைப்படுகிறேன். வேலூரில் தொழிலாளர் வழக்குகளை நடத்திவரும் இத்தனை ஆண்டுகளில் அப்படிப்பட்ட தாள்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். பெயரும் தேதியும்தான் மாறும். 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன், எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது' என்பதே எல்லாவற்றிலும் இருக்கும். நாற்பது பேருக்கு ஒரே நாளில் ஒரே சொந்தக் காரணம் எப்படி வரும் என்று எந்த அதிகாரியும் தாமாகக் கேட்பதில்லை. நாம்தான் கேட்க வைக்க வேண்டும்.

எனவே இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழில் எழுதினால் போதும். எந்தத் தேதியில், யார் சொல்லி, எந்த இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள், படித்துக் காட்டவில்லை, பிரதி தரவில்லை, நான் ராஜினாமா செய்யவில்லை, வேலை கொடுத்தால் வரத் தயாராக இருக்கிறேன். இவ்வளவுதான். நிர்வாகத்துக்கு ஒன்று, தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒன்று. பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். ஆகவே அஞ்சலகத்தில் 'ஸ்பீடு போஸ்ட், பதிவோடும் ஒப்புகையோடும்' என்று கேட்டு வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உங்களோடு நிறுத்தப்பட்ட மற்றவர்களும் தனித்தனியாக எழுதட்டும். ஒரே தாளில் நாற்பது கையெழுத்து வேண்டாம். மூன்று வாரத்தில் எழுதிய மறுப்புக்கு உள்ள மதிப்பு, மூன்று மாதம் கழித்து எழுதியதற்கு இருக்காது.

எந்த அலுவலகம் என்பதிலும் அலைக்கழிப்பார்கள். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு, உங்கள் வீடு இருக்கும் பேர்ணாம்பட்டு வேலூர் மாவட்டம், கம்பெனி இருக்கும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். வீட்டைப் பார்க்காதீர்கள், வேலை செய்த இடத்தைப் பாருங்கள். தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான தகராறைப் பேசித் தீர்க்கும் அரசு அதிகாரியான சமரச அலுவலர், அந்தப் பகுதிக்குரியவரிடம்தான் மனு கொடுக்க வேண்டும். 'இது எங்கள் எல்லை இல்லை' என்றால் அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பாதிப் பேர் மனுவை வாங்கிக்கொள்வார்கள்.

இனி அந்த 15,000 ரூபாய்க்காரர். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று வருகிறவரில் பலர் கம்பெனியின் ஆட்களே அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆட்கள். பணத்தை வாங்கிக்கொண்டு அதே மெஷினில், அதே நாற்காலியில் உங்களை உட்கார வைப்பார்கள். ஆனால் சம்பளப் பட்டியலில் ஒப்பந்தக்காரரின் பெயர் இருக்கும். உங்கள் 11 ஆண்டுகள் அங்கே முடிந்துபோகும். சட்டப்படி இலவசமாகக் கிடைக்க வேண்டிய முன்னுரிமையை உங்களிடமே விலைக்கு விற்கிறார்கள், வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் பி.எஃப். எடுத்துத் தருகிறேன் என்று சதவீதக் கணக்கில் கேட்பவர்களும் இந்த ரகம்தான். ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் அவர்களிடம் சொல்லிவிட்டு வந்து என்னிடம் அழுதவர்கள் பலர்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இனி எல்லோரையும் அதற்குள் தள்ளப்போகிறார்கள். அது காலவரையறை ஒப்பந்த வேலை. ஆறு மாதம், ஓராண்டு என்று தேதி போட்டு வேலைக்கு எடுத்தால், அந்தத் தேதி முடிந்ததும் வேலை தானாக முடியும். அதற்குப் பெயர் ஆட்குறைப்பு அல்ல. ஆட்குறைப்பு இல்லையென்றால் இழப்பீடு இல்லை, திரும்ப அழைக்கும் கடமையும் இல்லை. ஓராண்டு முடித்தவருக்குப் புதிய சட்டத்தில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்பது ஒரு ஆறுதல். உங்கள் 11 ஆண்டுகளில் எப்போதாவது, 'புதிய அடையாள அட்டை' என்றோ 'சம்பளம் மாற்றுகிறோம்' என்றோ சொல்லித் தேதி போட்ட தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்று யோசித்துப் பாருங்கள். நாளைக்கு மறுபடி கூப்பிடும்போதும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்: வேலை முடியும் தேதி என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது நீங்கள் விட்டுவந்த வேலை அல்ல. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஆட்குறைப்பு என்று நிலைநாட்டிவிட்டால் கைக்கு வர வேண்டிய பணம் சிறியது அல்ல. உங்கள் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்னறிவிப்பு தராததற்கு ஒரு மாதச் சம்பளம். ஓர் ஆண்டுப் பணிக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு தோராயமாக 66,000. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து அந்த 12,000 என்றால் பணிக்கொடை ஏறத்தாழ 76,150. இவை தவிர, புதிய சட்டத்தில் மறுதிறன் நிதி என்று ஒன்று வந்திருக்கிறது. நீக்கப்படும் ஒவ்வொருவருக்கும் நிர்வாகம் 15 நாள் சம்பளம் கட்ட வேண்டும். நீக்கிய 45 நாள்களுக்குள் அது உங்கள் வங்கிக் கணக்கில் வர வேண்டும். இதையும் மனுவில் கேளுங்கள், கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருந்தால் வேலையில்லாக் காலத்துக்கும் உதவி உண்டு. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா, ஆட்குறைப்பிலோ ஆலை மூடலிலோ வேலை இழந்தவருக்கு முதல் 12 மாதம் சராசரிக் கூலியில் பாதியும் அடுத்த 12 மாதம் கால் பங்கும் தருகிறது. குறைந்தது இரண்டு ஆண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் தொடரும். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று 90 நாள்களுக்கான வேறொரு திட்டமும் 2018 முதல் இருக்கிறது. அதை அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள். தானாக விலகியவருக்கு ராஜீவ் காந்தி திட்டத்தில் எதுவும் கிடையாது. மறுபடி அந்தத் தாளுக்கே வந்து நிற்கிறோம். பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய காரணமாக என்ன பதிந்திருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள். ராஜினாமா என்று இருந்தால் கடிதத்தில் அதையும் மறுத்து எழுதுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள், தவறில்லை. ஆனால் காலியிடத்தை அங்கே தெரிவிக்கத்தான் நிறுவனங்களுக்குக் கடமை, அங்கிருந்து ஆள் எடுக்க அல்ல. இத்தனை ஆண்டுகளாக இந்த ஓட்டையை அடைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

சமரச அலுவலர் முன்பு நிர்வாகத்தின் ஆள் முதல் தேதிக்கு வரமாட்டார், இரண்டாவது தேதிக்கு அதிகாரமில்லாத ஒருவரை அனுப்புவார். வாய்தாமேல் வாய்தா. சமரசப் பேச்சு 45 நாள்களில் முடிய வேண்டும் என்கிறது சட்டம். முடிந்து அறிக்கை கைக்கு வந்தால் 90 நாள்களுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் சமரசமே கிடையாது. பழைய சட்டத்தில் இருந்த மூன்றாண்டுக் கெடுவை நம்பிப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஆள் எடுக்கும்போது நிர்வாகம் அழைப்பை நீங்கள் முன்பு கொடுத்த முகவரிக்குத்தான் அனுப்பும். இடையில் ஸ்ரீபெரும்புதூருக்கோ பெங்களூருக்கோ வேலை தேடிப் போனால், புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கடிதமாக எழுதி, ஒப்புகையோடு அனுப்பிவிட்டுப் பஸ் ஏறுங்கள்.