ஹாட் யோகா வகுப்புக்கு முதல்முறை போகிறேன். உள்ளே எப்படி இருக்கும்?

ஹாட் யோகாவின் ஒரு வகையான பிக்ரம் முறை வகுப்பு என்றால் அறை சுமார் 40 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 சதவீதம், நேரம் 90 நிமிடம். 2 மூச்சுப் பயிற்சிகளையும் சேர்த்து மொத்தம் 26 பயிற்சிகள். வரிசை என்றும் மாறாது. ஆசிரியர் பெரும்பாலும் செய்து காட்டமாட்டார், சொல்லிக்கொண்டே போவார். அதனால் கண்ணாடிக்கு ஒட்டிய முதல் வரிசை வேண்டாம். பழகியவர்களுக்குப் பின்னால் நில்லுங்கள்.

சாப்பாட்டை இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். தண்ணீரைக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வாசலில் நின்று ஒரு லிட்டரை மடமடவென்று குடித்தால் முன்னால் குனியும்போதே குமட்டும். பாய்மேல் முழு நீளத் துண்டு கட்டாயம் வேண்டும். பத்தே நிமிடத்தில் முழங்கையிலிருந்து வியர்வை சொட்டும், வெறும் பாயில் கால் வழுக்கும்.

தலைசுற்றல் பலருக்கும் வரும். சூட்டில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்குவதுதான் காரணம். உஷ்ட்ராசனத்தில் பின்னால் வளைந்து எழும்போது கூடுதல் கவனம் தேவை. சுற்றினால் உடனே உட்காருங்கள், மூக்கால் மூச்சு விடுங்கள். அப்படியும் தெளியவில்லையா, தயங்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று: சூட்டில் தசை இளகியதுபோல் தோன்றும். அதை நம்பி எட்டிப் பிடித்து இழுத்தால் தொடையின் பின்பக்கம் மறுநாள்தான் வலிக்கும். வழக்கமாக எட்டும் அளவோடு நிறுத்துங்கள்.

கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். இதய நோயாளிகள், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் போகவே கூடாது. முடிந்தபின் உப்புப் போட்ட மோர் நல்லது.